ரத்தப்போக்குக்கு குடுத்த மாத்திரை பாவமான்னு கேட்ட சகோதரிக்கு

ஒரு வாசகி நாலு பக்கத்துக்கு எழுதியிருக்காங்க, அதை சுருக்கி சொல்றேன். வயசு 36, கல்யாணமாகி 11 வருஷம், ரெண்டு பிள்ளைங்க. ரெண்டு வருஷமா மாசாமாசம் ஒன்பது பத்து நாளைக்கு ரத்தப்போக்கு, முதல் மூணு நாள் மணிக்கு ஒரு பேடு மாத்தியும் போதலையாம், அந்த வாரம் ஞாயித்துக்கிழமை வந்தா பூசைக்கு கருப்பு கலர்ல உடுத்திக்கிட்டு கடைசி பெஞ்சுல ஓரமா உக்காருவாங்களாம், எந்திரிச்சு நிக்கறப்ப பெஞ்ச திரும்பிப் பாத்துக்கணும்ல. ஸ்கேன்ல அடினோமயோசிஸ்னு ஒரு கருப்பை நோய்னு வந்துருக்கு, ஹீமோகுளோபின் 7.2, ரொம்ப கம்மி. டாக்டர் ஆறு மாசத்துக்கு எழுதிக் குடுத்தது கருத்தடை மாத்திரை. வாங்கிட்டு வந்து நாலு மாசம் ஆச்சு, அட்டைய இன்னும் பிரிக்கவே இல்ல.

காரணம், இவங்க கத்தோலிக்கர். ஜெபக்கூட்டத்துல கூட வர்ற தோழி "அத போட்டுட்டு நற்கருணை வாங்கினா சாவான பாவம்"னு சொல்லிட்டாங்க. ஒரு ஃபாதர் கூடாதுன்னாரு, இன்னொரு ஃபாதர் தாராளமா போடும்மான்னாரு. வீட்டுக்காரர் நல்ல மனுஷன் தான், ஆனா அவரும் பயப்படறாரு, மாத்திரை போடற வரைக்கும் நாம சேர்ந்து இருக்கக்கூடாதோன்னு கேக்கறாரு. நாத்தனார் ஒரு பக்கம் "இதெல்லாம் எதுக்கு, ட்யூப கட்டிட்டா தொல்லை விட்டுச்சு"ங்கறாங்க. கடிதத்தோட கடைசியில, யாருக்கும் சொல்லாததுன்னு போட்டு ஒரு வரி: "இந்த மாத்திரைய போட்டா இனிமே பிள்ளை உண்டாகாதுன்னு நெனச்சப்ப உள்ளுக்குள்ள ஒரு நிம்மதி வந்துச்சு டாக்டர், அப்ப அது கருத்தடை தானே?"

அன்பு சகோதரி, நான் மகளிர் நோய் டாக்டர், உங்கள மாதிரியே ஞாயித்துக்கிழமை பூசைக்கு போறவ, இறையியல் படிச்சவ இல்ல. ஆனா இந்தக் கேள்வி என் மேஜைக்கு எத்தனையோ தடவ வந்திருக்கு, அதனால திருச்சபை இதப் பத்தி என்ன எழுதி வச்சிருக்குன்னு எடுத்துப் படிச்சு வச்சிருக்கேன். உங்க கடிதத்துல என்னை ரொம்ப உறுத்தினது ஒண்ணு, நீங்க மாத்திரை போடவே இல்ல, போடலாமான்னு நெனச்சதுக்கே ரெண்டு தடவ பாவசங்கீர்த்தனம் பண்ணியிருக்கீங்க. 7.2 ரத்தத்தோட முழங்கால்ல நின்னு.

நேரா சொல்லிடறேன், நோய்க்காக இந்த மாதிரி ஹார்மோன் சிகிச்சை எடுக்கறது கத்தோலிக்கப் போதனைப்படி பாவம் இல்ல. இது என் சொந்த தாராள மனசுல சொல்றது இல்லம்மா. ஆறாம் பவுல் திருத்தந்தை 1968 ஜூலை 25ல குடுத்த ஹூமானே வீத்தே சுற்றுமடல் தான், கருத்தடை கூடாதுன்னு திருச்சபை அழுத்தமா சொன்னது, உங்க தோழி மனசுல இருக்கறதும் அது தான். 14வது பத்தியில, தம்பதிகள் உறவுல பிள்ளை உண்டாகறதத் தடுக்கணும்னே செய்யற எதுவும் கூடாதுன்னு இருக்கு. அடுத்த பத்தி, 15வது, அதையும் படிக்கணும்ல? உடம்பு நோயை குணப்படுத்த தேவையான சிகிச்சைய திருச்சபை தப்புன்னு நெனைக்கல, அதனால கருத்தரிக்க முடியாம போகும்னு முன்கூட்டியே தெரிஞ்சாலும் சரி, அந்தத் தடைய நேரா நாடாம இருந்தா போதும்னு இருக்கு. ஒரே ஆவணம், ஒரே பக்கம்னு கூட சொல்லலாம், ஆனா 14ஐ சொல்றவங்க 15க்கு வர்றதுக்குள்ள பேச்ச முடிச்சிடறாங்க.

இது 1968ல புதுசா குடுத்த சலுகையும் இல்ல. 1957ல அமெரிக்காவுல இந்த வகையில முதல் மாத்திரைக்கு அனுமதி கிடைச்சப்ப அது மாதவிடாய் கோளாறுக்குன்னு தான் கிடைச்சுது, கருத்தடைக்குன்னு அனுமதி வந்தது 1960ல. நடுவுல 1958 செப்டம்பர் 12ல பன்னிரண்டாம் பயஸ் திருத்தந்தை ரத்தவியல் டாக்டர்கள் மாநாட்டுக்கு பேசினப்ப இதையே எடுத்து பேசினாரு, கருப்பை நோய்க்கோ உடம்பு நோய்க்கோ டாக்டர் சொல்லி மருந்தா எடுத்தா அது மறைமுகமா வர்ற மலட்டுத்தன்மை, அனுமதி உண்டுன்னு. அடுத்த மாசம் அவர் காலமாயிட்டாரு. (ஒரு விஷயத்த மறைக்காம சொல்றேன், 1957ல அந்த அனுமதி வந்ததும் அங்க திடீர்னு ஏகப்பட்ட பேருக்கு மாதவிடாய் கோளாறு வந்துடுச்சாம்! நோயை சாக்கா வைக்கறது அன்னிக்கே இருந்துச்சு, சில ஃபாதர்மார் இந்தப் பேச்செடுத்தாலே உஷாராகறதுக்கு அதுவும் ஒரு காரணம்.)

ரெண்டு ஃபாதர் ரெண்டு பதில் சொன்னது ஏன்

நீங்க எழுதினத நான் ரெண்டு தடவ படிச்சேன். முதல் ஃபாதர்கிட்ட நீங்க கேட்டது "கருத்தடை மாத்திரை போடலாமா ஃபாதர்?" ரெண்டாவது ஃபாதர்கிட்ட ஸ்கேன் ரிப்போர்ட்ட காட்டி, ரத்தம் இவ்ளோ போகுது, டாக்டர் ஹார்மோன் மாத்திரை குடுத்திருக்காங்கன்னு சொல்லியிருக்கீங்க. ரெண்டு பேரும் சரியான பதில் தான் சொல்லியிருக்காங்க, கேள்வி தான் வேற வேற. அட்டைல கருத்தடை மாத்திரைன்னு அச்சடிச்சிருக்கறது கம்பெனி எந்த உபயோகத்துக்கு விக்குதுங்கற விவரம் மட்டும் தான். உள்ள இருக்கறது ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்ட்டின்னு ரெண்டு ஹார்மோன். மடத்துல இருக்கற சிஸ்டர் ஒருத்தருக்கு இதே நோய் வந்தா அவங்களுக்கும் இதே மாத்திரைய எழுதுவோம், அங்க எந்தக் கருத்தைத் தடுக்கறோம்?

உங்களுக்கும் நான் இந்தக் கேள்வியத் தான் அளவுகோலா குடுப்பேன். உங்க வீட்டுக்காரர் ஒரு வருஷத்துக்கு வெளிநாட்டுல இருக்காருன்னு வச்சுக்கோங்க, அப்பவும் இந்த மருந்து உங்களுக்கு வேணுமா? இந்த ரத்தப்போக்குக்கு கட்டாயம் வேணும். அடினோமயோசிஸ்ங்கறது கருப்பைக்குள்ள மேல் பூச்சா இருக்க வேண்டிய திசு தசைச் சுவருக்குள்ள புகுந்து வளர்றது, அதனால கருப்பை வீங்கி கனமாகி ஒவ்வொரு மாசமும் அதிக ரத்தம், அதிக வலி. ஹார்மோன் அந்தப் பூச்ச மெலிசாக்குது, அதனால தான் ரத்தம் குறையுது. நல்லா கவனிங்க, கரு உண்டாகாததுனால உங்க ரத்தம் நிக்கல. ரத்தம் நிக்கறது ஒரு வேலை, கருமுட்டை வராம இருக்கறது அதே மருந்தோட இன்னொரு வேலை, பக்கத்துல பக்கத்துல நடக்குது, ஒண்ணு வழியா இன்னொண்ணு வரல. புனித தாமஸ் அக்குவினாஸ் தற்காப்பப் பத்தி எழுதினதுல இருந்து வளந்து வந்த இரட்டை விளைவு கொள்கைன்னு அறநெறியில சொல்றாங்களே, ஒரே காரியத்துல நாம நாடற நல்ல விளைவும் நாடாத வேற விளைவும் சேந்து வர்றதப் பத்தினது, அதோட முடிச்சு இது தான். இந்த முடிச்ச கையில வச்சுக்கோங்க, நாத்தனார் விஷயத்துக்கு வர்றப்ப வேணும்.

அந்த நிம்மதி

இப்ப யாருக்கும் சொல்லாத அந்த வரிக்கு வர்றேன். ஒரு விளைவு வரும்னு தெரிஞ்சிருக்கறது வேற, அது வந்ததுல கொஞ்சம் ஆறுதல் படறது வேற, அதுக்காகவே ஒரு காரியத்த செய்யறது வேற. மழை பேஞ்சு ஸ்கூல் லீவு விட்டா டீச்சருக்கும் தான் சந்தோஷமா இருக்கும், அதுக்காக மழைய அவங்களா வரவழைச்சாங்க? 7.2 ரத்தத்தோட, ரெண்டு பிள்ளைங்களை வச்சுக்கிட்டு, இப்ப இன்னொரு கர்ப்பம் வேண்டாமேன்னு ஒரு பொம்பளை மனசு நெனைக்கறது சாதாரணம். அந்த நெனப்பே தப்புன்னு நீங்க எடுத்துக்கிட்டீங்க பாருங்க, அங்க தான் கோளாறு. தக்க காரணம் இருந்தா இப்போதைக்கு பிள்ளை வேண்டாம்னு தம்பதிகள் முடிவு பண்ணலாம்னு அதே சுற்றுமடல் 16வது பத்தியிலயே இருக்கு, அதுக்கு கரு உண்டாகாத நாட்களப் பாத்து நடந்துக்கற இயற்கை முறைய சொல்லுது. பிள்ளை வேண்டாம்னு விரும்பறதே பாவமா இருந்தா அந்தப் பத்திக்கு அங்க வேலையே இல்லையே. திருச்சபை கேக்கறது நீங்க எந்த வழியில அதுக்கு போறீங்கங்கறத.

ஆனா உங்கள நீங்களே அப்பப்ப கேட்டுக்க வேண்டிய ஒரு கேள்வி இருக்கு. நாளைக்கு நோய் அடங்கிடுச்சு, மருந்து இனி வேண்டாம்னு டாக்டர் சொல்லிட்டாங்க, அப்ப நிறுத்துவீங்களா, இல்ல "எதுக்கும் இருக்கட்டும்"னு தொடருவீங்களா? தொடர்ந்தா அன்னிலேருந்து கதை வேற, மாத்திரை அதே மாத்திரை தான், காரியம் மாறிடுச்சு. அதனால ஆறு மாசத்துக்கு ஒரு தடவ டாக்டர்கிட்ட போய் இன்னும் தேவையான்னு பாக்கறது உடம்புக்கும் நல்லது, மனசாட்சிக்கும் நல்லது.

நற்கருணை கேள்விக்கு தனியா பதில் வேண்டாம்னு நெனைக்கறேன், இருந்தாலும் உங்க தோழிக்காக: சாவான பாவத்துக்கு கனமான விஷயம், முழு அறிவு, முழு சம்மதம் மூணும் வேணும்னு மறைக்கல்வியில படிச்சது தானே. இங்க முதலாவதே இல்ல. முன்னாடி போய் வாங்குங்க, கடைசி பெஞ்சுல இருந்து.

வீட்டுக்காரர் கேட்டது

சிகிச்சை நடக்கறப்ப கணவன் மனைவி சேரக்கூடாதுன்னு நான் மேல சொன்ன ரெண்டு ஆவணத்துலயும் இல்ல. ஆனா அவரோட பயத்துக்குப் பின்னால இன்னொரு கேள்வி இருக்கலாம், சில கத்தோலிக்கக் குடும்பங்கள்ல கேக்கறது தான்: மாத்திரைய மீறி கரு உண்டாயிட்டா, கருப்பைப் பூச்சு மெலிசா இருக்கறதுனால அது ஒட்டாம போயிடுமோ, நாம அறியாம ஒரு உயிரை இழந்துடுவோமோ? இந்த வகை மாத்திரையோட முக்கிய வேலை கருமுட்டை வெளிய வராம பாத்துக்கறது, அடுத்தது கருப்பை வாய் சளிய கெட்டியாக்கி விந்தணுவ உள்ள விடாம இருக்கறது. முட்டையே வரலன்னா கருவுக்கு பேச்சே இல்ல. அதையும் மீறி மூணாவதா ஒட்டாம போற விளைவு நிஜமா நடக்குதாங்கறதுல கத்தோலிக்க டாக்டர்களே ரெண்டு அணியா நிக்கறாங்க, ஆதாரம் பலவீனம்னு ஒரு அணி, சந்தேகம் இருக்கற வரைக்கும் ஜாக்கிரதையா இருன்னு ஒரு அணி. ரெண்டாவது பக்கம் உங்க மனசு சாஞ்சா கொஞ்ச நாள் விலகி இருக்கலாம், ஆனா அது ரெண்டு பேரும் பேசி எடுத்த முடிவா இருக்கணும், அவர் பயத்துல திணிக்கறதாவோ நீங்க குத்த உணர்ச்சியில ஒத்துக்கறதாவோ இருக்கக்கூடாது. தினமும் ஒரே நேரத்துல விடாம போட்டா முட்டை வர்ற வாய்ப்பு ரொம்பவே குறையும், இது சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனா இந்தக் கவலை இருக்கறவங்களுக்கு பெரிய விஷயம்.

கருப்பைக்குள்ள வைக்கற ஹார்மோன் சாதனம் ஒண்ணு இருக்கு, அதிக ரத்தப்போக்குக்கு நல்லா வேலை செய்யும், உங்க டாக்டர் அடுத்து அதை சொல்லலாம். அதுல நெறைய பேருக்கு கருமுட்டை வழக்கம் போல வந்துக்கிட்டு தான் இருக்கும், அதனால மேல சொன்ன சந்தேகம் அங்க இன்னும் கனமாகுது. உங்க வீட்டுக்காரர் மனசு இருக்கற நிலையில அத பத்தி பேசாம போட்டுக்காதீங்க.

ட்யூப கட்டறது, கருப்பைய எடுக்கறது

நாத்தனார் சொன்னதுல முதல் தப்பு மருத்துவத் தப்பு. ட்யூப கட்டினா உங்க ரத்தப்போக்கு ஒரு சொட்டு குறையாது. நோய் இருக்கறது கருப்பைச் சுவர்ல, ட்யூப்ல இல்ல. ரெண்டாவது, இப்ப அந்த முடிச்ச எடுங்க: ட்யூப கட்டறதுல வர்ற நன்மை எல்லாமே பிள்ளை உண்டாகாததுங்கற ஒரே வழியா தான் வருது, வேற வழியே இல்ல. அதனால அதை நேரடி மலடாக்கல்னு சொல்லி திருச்சபை ஏத்துக்கறதில்ல, இனி ஒரு கர்ப்பம் ஆபத்துன்னு டாக்டர் சொன்னாலும் ஏத்துக்கறதில்ல, 1993ல வத்திக்கான் குடுத்த விளக்கத்துலயும் அப்படித் தான் இருக்கு.

கருப்பையையே எடுக்கற ஆபரேஷன் அத விட எத்தனையோ மடங்கு பெரிசு, திரும்பி வர முடியாதது, ஆனா மருந்து எதுக்கும் அடங்காத அடினோமயோசிஸ்க்கு அது அனுமதி உள்ளது, ஏன்னா எடுக்கறது நோய் பிடிச்ச உறுப்ப. சின்ன ஆபரேஷன் கூடாது, பெரிய ஆபரேஷன் கூடும்னா கேக்கறவங்களுக்கு விசித்திரமா இருக்கும், எனக்கே படிக்கற காலத்துல இருந்துச்சு, ஒரு ப்ரொஃபசர்கிட்ட வாதாடியிருக்கேன். கத்தியோட அளவப் பாக்காம கத்தி எதை நோக்கிப் போகுதுன்னு பாத்தா தான் புரியும். 36 வயசுல நான் அவசரப்பட்டு அந்த ஆபரேஷனுக்கு போகச் சொல்ல மாட்டேன், அது வேற.

"இந்த மாத்திரை நோயை மூடித் தானே வைக்குது, குணப்படுத்தலையே"ன்னும் உங்க தோழி கேட்டாங்கன்னு எழுதியிருந்தீங்க. இன்சுலினும் சர்க்கரை வியாதிய குணப்படுத்தறதில்ல. நோயோட கெடுதல அடக்கி வைக்கறதும் சிகிச்சை தான். ஆனா அந்தக் கேள்விக்குள்ள ஒரு நியாயம் இருக்கு, கருத்தரிப்பைத் தொடாத வேற மருந்து அதே அளவு பலன் குடுத்தா அதை முதல்ல பாக்கறது தான் முறை. ட்ரானெக்ஸாமிக் ஆசிட், மெஃபெனாமிக் ஆசிட்னு ரெண்டு இருக்கு, ரத்தம் போற நாள்ல மட்டும் போடறது, ஹார்மோன் இல்ல. உங்களுக்கு இத குடுத்துப் பாத்தாங்களான்னு கடிதத்துல இல்ல. கேளுங்க. ஒண்ணு மட்டும், ட்ரானெக்ஸாமிக்க ஈஸ்ட்ரோஜன் மாத்திரையோட நீங்களா சேத்துப் போட்டுடாதீங்க, ரத்தம் உறையற ரிஸ்க் கூடும்.

யாரும் கவனிக்காத ஒரு வரி

உங்க கடிதத்தோட மூணாவது பக்கத்துல, பிள்ளைங்க பரீட்சை டென்ஷன சொல்ற இடத்துல, போற போக்குல எழுதியிருக்கீங்க: "எப்பவாவது கண்ணு முன்னாடி வளைஞ்சு வளைஞ்சு மின்னும், இருபது நிமிஷம் கழிச்சு ஒத்தத் தலைவலி வந்துடும்." சகோதரி, நாலு பக்கத்துல எனக்கு பக்குன்னு ஆனது இந்த ஒரு வரி தான். இது ஆரா வர்ற மைக்ரேனா இருக்கலாம், அதாவது இப்படி கண்ணு முன்னாடி மின்னிட்டு வர்ற ஒத்தத் தலைவலி. அப்படி இருந்தா ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை உங்களுக்கு ஆகாது, பக்கவாதம் வர்ற ஆபத்து கூடும், எந்த வயசுலயும் ஆகாது. இத டாக்டர்கிட்ட சொன்னீங்களா? ரத்தப்போக்குக்கு போன இடத்துல தலைவலிய யார் சொல்லுவாங்க, சொல்லியிருக்க மாட்டீங்கன்னு தான் தோணுது.

ஆக நாலு மாசமா நீங்க பிரிக்காம வச்சிருக்கற அட்டைய இப்போதைக்கு பிரிக்காமலே வையுங்க, ஆனா பாவம்னு பயந்து இல்ல, இந்தத் தலைவலிக்காக. இந்த வாரமே டாக்டரப் பாருங்க, தலைவலி எப்படி ஆரம்பிக்குதுன்னு நான் மேல எழுதின மாதிரியே சொல்லுங்க, பிபி பாக்கச் சொல்லுங்க, குடும்பத்துல யாருக்காவது கால்லயோ நுரையீரல்லயோ ரத்தக்கட்டி வந்திருந்தா அதையும் சொல்லுங்க. ஈஸ்ட்ரோஜன் இல்லாத புரோஜெஸ்ட்டின் மட்டும் இருக்கற மருந்துகள் இருக்கு, டயனோஜெஸ்ட்னு ஒண்ணு இந்த மாதிரி நோய்க்கு குடுக்கறோம், ஆரம்பத்துல விட்டு விட்டு ரத்தம் படும், அதனால உங்க ரத்த அளவ முதல்ல ஏத்திட்டு குடுக்கலாமான்னு அவங்க முடிவு பண்ணுவாங்க. அதுவும் கருமுட்டைய தடுக்கற மருந்து தான், அதுக்காக மறுபடியும் மொதல்லேருந்து ஆரம்பிக்காதீங்க, மாத்திரை மாறினாலும் மேல சொன்ன நியாயம் அதே தான்.

இரும்புச்சத்துக்கு இதுல எந்த அறநெறிக் கேள்வியும் இல்ல, அத ஏன் நாலு மாசம் தள்ளிப் போட்டீங்க? பெண்களுக்கு 12 இருக்கணும், 8க்கு கீழ போனா கடுமையான ரத்தசோகை, உங்களுக்கு 7.2, அதுவும் நாலு மாசத்துக்கு முந்தின கணக்கு. மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குதுன்னு வயசாகறதா நெனச்சு எழுதியிருக்கீங்க, 36ல என்னம்மா வயசு. ரத்தத்த மறுபடி டெஸ்ட் பண்ணிப் பாருங்க, மாத்திரையா ஊசியான்னு டாக்டர் சொல்லட்டும். திடீர்னு மூச்சுத் திணறினாலோ, மயக்கம் வந்தாலோ, கை கால் மரத்துப் போனாலோ, பேச்சு குழறினாலோ நாளைக்கு பாத்துக்கலாம்னு இருக்காதீங்க, உடனே போங்க.

போறப்ப வீட்டுக்காரரையும் கூட கூட்டிட்டுப் போங்க, அவர் கேள்விய அவரே டாக்டர்கிட்ட கேக்கட்டும். அந்த அட்டையையும் கையில எடுத்துக்கோங்க, எந்த மாத்திரை, எவ்ளோ டோஸ்னு அவங்க பாக்கணும். போற வழியில மெடிக்கல்ல கேட்டும் பாருங்க, பிரிக்காத அட்டைய திருப்பி வாங்கிக்கறாங்களான்னு.